குளியலறைதான் காப்பகம்: கொங்கு நாட்டில் தெருப்பூனைக்கு வீடு தேடித் தருவது எப்படி

பூனைக் காப்பகம் எங்கே இருக்கிறது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில், நூல் கோன் வந்த அட்டைப்பெட்டிக்குள் நான்கு குட்டிகள் கிடந்தன. கையில் வண்டிச் சாவி, வீட்டில் மாமியார், மணி மாலை ஆறரை. அன்று ஏழெட்டு இடங்களுக்குப் போன் செய்தேன். நாய்க்கு இடம் உண்டு என்றவர்கள்கூடப் பூனை என்றதும் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. தடுப்பூசி போடாத குட்டிகளை ஒரே இடத்தில் சேர்த்தால், பார்வோ வகைக் கிருமியால் வரும் பூனைக் கழிச்சல் நோய் ஒன்றைத் தொட்டு மற்றொன்றுக்குப் பரவி, இரண்டு மூன்று நாளில் கூண்டையே காலி செய்துவிடும். சரியான கிருமிநாசினி போட்டுக் கழுவாவிட்டால் அந்தக் கிருமி ஓர் ஆண்டுவரைகூட அந்த இடத்தில் உயிரோடு கிடக்கும்.

ஆகவே காப்பகத்தைத் தேடி அலையாதீர்கள். கதவு சாத்தும் ஒரு குளியலறை, ஒரு பிளாஸ்டிக் டிரே, இரண்டு மாதம் பொறுமை இருந்தால் அதுவே குட்டிக்குக் காப்பகம். இந்தக் கட்டுரை அந்த இரண்டு மாதத்துக்கானது. முதல் முறை செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்

நான் செய்த பெரிய தப்பு குட்டியைத் தூக்கியதுதான். காங்கேயம் சாலையில் ஒரு ரைஸ் மில், பின்பக்கம் தவிட்டு மூட்டைகளின் இடுக்கில் மூன்று குட்டிகள். பத்து நிமிடம் பார்த்தேன், தாயைக் காணவில்லை. துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் மில் காவலாளி சொன்னார், ஒரு சாம்பல் பூனை இரவெல்லாம் மூட்டைக்கு மூட்டை தாவிக் கத்தியது என்று. மூன்று இரவு அப்படிக் கத்தியதாம். தாய் இரை தேடப் போயிருந்தது, அவ்வளவுதான். நான் காப்பாற்றியதாக நினைத்த குட்டிகளுக்குத் தாய்ப்பாலைப் பறித்தவள் நானே. மூன்றில் ஒன்று பிழைக்கவில்லை.

வயிறு உருண்டு, உடம்பு சுத்தமாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துச் சத்தமில்லாமல் தூங்கும் குட்டிகளுக்குத் தாய் இருக்கிறது. அழுக்கேறி, வயிறு ஒட்டி, நிறுத்தாமல் கத்தினால் சந்தேகப்படலாம். சந்தேகம் தீர ஓர் எளிய வழி உண்டு: குட்டிகளைச் சுற்றி அரிசி மாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு விலகிப் போங்கள். கோலம் போடுகிற கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். மாவில் பெரிய பாதத்தடம் இருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. மனிதர் பக்கத்தில் நின்றால் தாய் வராது, ஆகவே தூரமாகவே இருங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. எறும்பு மொய்க்கிறது, காயம் இருக்கிறது, தொட்டால் உடம்பு சில்லென்று இருக்கிறது, நடுரோட்டில் கிடக்கிறது என்றால் உடனே எடுங்கள். சாக்கில் கட்டி வீசப்பட்ட குட்டிகளும் அப்படித்தான். அவற்றைத் தேடித் தாய் வரப்போவதில்லை. சந்தைப்பேட்டை, மீன் கடை வாசல், ஆற்றுப் பாலம் என்று ஊருக்கு ஊர் இதற்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். செய்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: வளர்த்த பிராணியைக் காரணமில்லாமல், பட்டினியும் தாகமும் அனுபவிக்கும்படி விட்டுவிட்டுப் போவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கொல்வதும் முடமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் வரும், ஐந்தாண்டுவரை சிறை உண்டு.

கரும்புக்காட்டுக் குட்டி

கொங்கு நாட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். சத்தியமங்கலம், பவானி, கோபி, உடுமலை, ஆனைமலை அடிவாரங்களில் கரும்பு வெட்டும்போது அகப்படும் குட்டி வீட்டுப் பூனையின் குட்டியாக இல்லாமலும் போகலாம். காட்டுப்பூனை வயல்வெளியிலும் குட்டி போடும். கால் நீளம், வால் குட்டை, வால் நுனியில் கறுப்பு வளையம், காது நுனியில் சின்ன மயிர்க்குச்சம் என்றிருக்கும். உடம்பெல்லாம் ரோஜாப்பூப் போன்ற புள்ளியும் தடித்த பாதமும் இருந்தால் அது சிறுத்தைக் குட்டியாகவே இருக்கலாம், தாய் பக்கத்துப் பாத்தியில் இருக்கலாம். இவையெல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. வீட்டுக்குக் கொண்டுவந்தால் உங்கள்மேல்தான் வழக்கு. வெட்டும் ஆட்களை அந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் குட்டியை அதே இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள், ராத்திரியோடு தாய் வந்து கவ்விப் போய்விடும். ஓட்டு வீட்டுப் பரணில் கிடக்கும் மரநாய்க் குட்டிக்கும் இதே கதைதான்.

கிணற்றில் விழுந்த பூனை

நம் பக்கத்துத் தோட்டங்களில் பாதிக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. நாய் துரத்தி விழும், எலியைத் துரத்தியும் விழும். கயிறு கட்டி நீங்களே இறங்காதீர்கள். ஆழக்கிணற்றில் காற்று கெட்டிருக்கலாம். தீயணைப்புத் துறைக்குச் சொல்லலாம், மாடு ஆடு மட்டுமல்ல, பூனையையும் எடுத்துத் தந்திருக்கிறார்கள்.

பெருந்துறைப் பக்கம் ஓர் ஆத்தா செய்ததைக் கண்ணால் பார்த்தேன். 60 அடிக் கிணறு. பூனை மோட்டார் குழாயைத் தாங்கும் கல்லில் ஒண்டியிருந்தது. நாங்கள் ஆறேழு பேர் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். ஆத்தா தவிட்டுக் கூடையை எடுத்துவந்து உள்ளே ஒரு சாக்கை மடித்துப் போட்டார். அதன்மேல் நான்கு நெத்திலிக் கருவாடு. மூன்று பக்கம் கயிறு கட்டி, கூடை ஆடாமல், கல்லை உரசியபடி நிற்குமாறு இறக்கி, கயிற்றை வேப்பமரத்தில் முடிந்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, இத்தனை தலை எட்டிப் பார்த்தால் அது எப்படி ஏறும்? எல்லோரும் வீட்டுக்குப் போங்க" என்றார். விடிகாலை ஐந்து மணிக்குக் கூடையில் பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரே சீராக இழுத்தார். கரைக்கு இரண்டு முழம் இருக்கும்போது தாவி, சோளத்தட்டுப் போருக்குள் மறைந்துவிட்டது. நன்றியெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது.

முதல் இரவு

குட்டியின் வயதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. எல்லாமே அதை வைத்துத்தான். கண் மூடி, காது மடிந்து, தொப்புள்கொடி காய்ந்து ஒட்டியிருந்தால் ஒரு வாரத்துக்குள். கண் திறப்பது 7 முதல் 14 நாளுக்குள். மூன்றாம் வாரம் தள்ளாடி நடக்கும், முன்பல் முளைக்கும். நான்காம் வாரத்துக்குமேல் மசித்ததை நக்கத் தொடங்கும். பிறந்தபோது இருக்கும் நீலக்கண் ஆறேழு வாரத்தில் நிறம் மாறும். எட்டு வாரக் குட்டி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டலாம். உடம்பு குளிர்ந்திருந்தால் குடல் வேலை செய்யாது, பால் உள்ளேயே கெட்டுப்போகும். முதலில் சூடு. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைப் பழைய பனியனில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ளும். திருப்பூர்க்காரர்களுக்கு மெத்தைக்குப் பஞ்சமில்லை. கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சிய பனியன் துணித் துண்டுகள், ஒரு பை வாங்கினால் ஒரு மாதத்துக்கு வரும், நனைந்ததைத் தூக்கிப்போட்டுவிடலாம். நூல் பிரிந்து தொங்கும் துண்டு மட்டும் வேண்டாம், காலில் சுற்றி இறுக்கிவிடும்.

பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். மூன்று நான்கு நாள் குட்டிக்கு ஒரு ராத்திரி வயிற்றுப்போக்கே போதும் உயிரை எடுக்க. பூனைக்குட்டிப் பால்பவுடர் கோவை, ஈரோடு, சேலம், திருப்பூர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. ராத்திரி பத்து மணிக்குக் கிடைக்கவில்லை என்றால் விடியும்வரை ஆட்டுப்பால் சமாளிக்கும், அதற்குமேல் இழுக்காதீர்கள். குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டக் கூடாது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புறப் படுக்கவைத்து, தலை இலேசாக நிமிர்ந்திருக்க, சொட்டுச் சொட்டாக. முதல் வாரக் குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கத்தைத் தடவிவிட வேண்டும். மூன்று நான்கு வாரம்வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது, தாய் நக்கித்தான் வரவழைக்கும்.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். பிறக்கும்போது சுமார் 100 கிராம், நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் கூட வேண்டும். ஒருநாள் கூடவில்லை என்றால் கவனம், குறைந்தால் மருத்துவர். அழகு, சுறுசுறுப்பு எல்லாம் ஏமாற்றும், தராசு ஏமாற்றாது.

குளியலறையைப் பற்றி இரண்டு வார்த்தை. வாளித் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவையுங்கள், குட்டி எட்டிப் பார்த்து உள்ளே விழுந்துவிடும். பினாயில் வேண்டவே வேண்டாம். பூனையின் ஈரலுக்கு அதைச் செரிக்கும் சக்தி இல்லை, பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே விஷம். அதேபோல் காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் பாதி மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாதி ஒரு வளர்ந்த பூனையையே கொன்றுவிடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவையும் அப்படித்தான். சின்னக் குட்டியின் தெள்ளுப்பூச்சிக்கு நம் வீட்டுப் பேன்சீப்பும் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும் போதும். வாரி எடுத்து முக்க வேண்டியதுதான்.

மூன்று வாரத்துக்குமேல் மண் தட்டு பழக்கலாம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நார்த்தூள் இதற்கு அருமை: ஈரத்தை இழுக்கும், நாற்றத்தை அடக்கும், விலையும் குறைவு. கடையில் விற்கும் கட்டியாகும் மணலைக் குட்டிகளுக்குப் போடாதீர்கள், தின்று பார்க்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் போதும். பூனைக் கழிவிலிருந்து தொற்றும் கிருமி முற்றுவதற்குக் குறைந்தது ஒரு நாள் ஆகும், அன்றன்றே அள்ளிவிட்டால் பயமில்லை. என் மாமியாருக்கு இதை விளக்கியே ஒரு வாரம் போனது, பிறகு தட்டு அவர் பொறுப்பானது.

ஏற்கெனவே பூனை வளர்ப்பவர்கள் இரண்டு வாரம் புதுக்குட்டியைத் தனியே வைக்க வேண்டும். செருப்பு, கை, துணி எல்லாம் தனி.

கடித்துவிட்டால்

கடியோ கீறலோ, வெறிநோய்க்கு (ரேபிஸ்) இரண்டும் ஒன்றுதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே தடுப்பூசி இலவசம். குட்டிதானே என்று நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். குட்டியின் உடம்பில் வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்திருந்தால் அது படர்தாமரை, உங்கள் கைக்கும் வரும்.

மருத்துவரிடம்

குட்டி ஓரளவு தேறியதும் குடற்புழு மருந்து, எடைக்கு ஏற்றபடி மருத்துவர் கொடுப்பார். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம்வரை. வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்தில்.

தாலுகாவுக்குத் தாலுகா அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. மாடும் ஆடும் வரிசையில் நிற்கும் இடம் அது. பூனையோடு போவதானால் கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், கூடையை மூடியே வைத்திருங்கள். நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் உடுமலைப்பேட்டைக்கும் தலைவாசலுக்கும் கல்லூரி வந்துவிட்டது. எலும்பு முறிவு போன்ற சிக்கலுக்கு இவை பக்கத்தில் இருப்பது கொங்கு நாட்டுக்கு வாய்த்த வசதி.

கூண்டு வாங்கப் பணமில்லை என்றால், இரண்டு தக்காளி டிரேயை வாயோடு வாய் வைத்து நான்கு பக்கமும் கயிற்றால் கட்டுங்கள். காற்று வரும், மேலே ஒரு துண்டைப் போர்த்தினால் பூனை அமைதியாகிவிடும். டவுன் பஸ்ஸில் நான் இப்படித்தான் கொண்டுபோகிறேன். ஒருமுறை நடத்துநர் லக்கேஜுக்கு டிக்கெட் போட்டார், உள்ளே என்ன என்று கேட்கவில்லை. அது கத்தவும் இல்லை.

தாயை விட்டால் வேலை முடியாது

இதுதான் பலர் செய்யாமல் விடுவது. குட்டிகளுக்கு வீடு கிடைத்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். பூனையின் கர்ப்ப காலம் ஒன்பது வாரம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படும். நான்கைந்து மாதக் குட்டியே சினைப்பட்டுவிடும். அந்த நூல் கோன் பெட்டிக் குட்டிகளை நான் நான்கு வீட்டில் சேர்த்து முடிப்பதற்குள் அதே கம்பெனி வாசலில் அதே தாய் அடுத்த ஈற்றுக் குட்டிகளை ஈன்றிருந்தது. ஆகவே முதலில் தாயைப் பிடித்துக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். குட்டிகள் தாமாகத் தின்னும் ஐந்தாறு வாரம் ஆனதும் செய்யலாம்.

வெல்டிங் பட்டறை இல்லாத தெரு நம் ஊர்களில் இல்லை. எலிப்பொறியைக் காட்டி, அதையே மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடிக்குச் சற்றுக் கூடுதல் உயரத்தில் கேளுங்கள். மிதித்தால் கதவு விழ வேண்டும். கம்பி இடைவெளி விரல் நுழையாத அளவு, முனைகளைத் தேய்த்து மழுக்கச் சொல்லுங்கள். பூனை உள்ளே முட்டும், மூக்குக் கிழிந்துவிடும்.

மூன்று நாள் கூண்டைக் கதவு கட்டித் திறந்தே வைத்து உள்ளே சோறு போடுங்கள். நான்காம் நாள் காலையில் சோற்றை நிறுத்துங்கள். அந்தத் தெருவில் சோறு வைக்கும் மற்ற வீடுகளுக்கும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஆயா வைக்கும் மீன்குழம்புச் சோற்றைத் தின்றுவிட்டு உங்கள் கூண்டை ஏளனமாகப் பார்க்கும். சாயங்காலம் அடியில் செய்தித்தாள் விரித்து, கோடிமூலையில் மத்தியோ கருவாடோ வையுங்கள். கூண்டை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கதவு விழும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் துணியால் மூடுங்கள். மூடிய அடுத்த நிமிடம் அமைதியாகிவிடும், இதை நம்பாதவர்கள் முதல் முறை பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள்.

யாரை முதலில் பிடிப்பது என்று குழம்பினால் நிறத்தைப் பாருங்கள்: வெள்ளை, கறுப்பு, செம்மை மூன்றும் கலந்தது அநேகமாகப் பெட்டைதான். செம்பூனைகளில் கடுவன் அதிகம். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லுங்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அடுத்த வருடம் வேறொருவர் அதே பூனையைப் பிடித்து வயிற்றைக் கிழிக்காமல் இருக்க அதுதான் அடையாளம். பெட்டையை அறுவைக்குப்பின் குறைந்தது ஒருநாள் உள்ளே வைத்துக் கவனித்துவிட்டு, பிடித்த அதே இடத்தில் விடுங்கள்.

அங்கேயே வாழப்போகும் பூனைக்கு ஓர் ஒதுங்கிடம் செய்துவைக்கலாம். மீன் கடையில் தெர்மோகோல் பெட்டி கேட்டால் தருவார்கள். பக்கவாட்டில் சாணளவு ஓட்டை, இரண்டு ஹாலோ பிளாக் கல்மேல் பெட்டி. உள்ளே துணி வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வைக்கோல் போடுங்கள். வாசலைத் தெற்கே வையுங்கள். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வரும், ஐப்பசிச் சாரல் வடகிழக்கிலிருந்து வரும்.

வீடு தேடுவது

எட்டு வாரத்துக்குமுன் குட்டியைக் கொடுக்காதீர்கள். அதுவரை தினமும் கையில் எடுங்கள், மிக்ஸி சத்தம் கேட்கட்டும், குழந்தைகள் பேசட்டும். இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் மனிதர் வாசனைக்குப் பழகிய குட்டிதான் மடியில் வந்து உட்காரும். அதற்குப்பின் பிடித்தது பல நாள் சீறிக்கொண்டே இருக்கும்.

படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் போதும், பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்தால் அளவு தெரியும். வாட்ஸ்அப்பில் போடுவதைவிட டெய்லர் கடை, மளிகைக்கடை, மருந்துக்கடை ஆட்களிடம் சொல்வது எனக்கு அதிகம் பலித்திருக்கிறது. யார் வீட்டில் பூனை செத்துப்போய் ஆறு மாதமாகச் சோகமாக இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீடே முதல் தரம். பிறந்தநாள் பரிசாகக் கேட்பவர்களுக்கு நான் தருவதில்லை.

கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வீடு சொந்தமா வாடகையா, வாடகை என்றால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா. மாடி வீடு என்றால் பால்கனிக்கு வலை போடுவார்களா. ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். என்ன சோறு போடுவார்கள். கடைசிக் கேள்வி கொங்கு நாட்டில் சிக்கலானது. சைவ வீடுகளில் அன்போடு தயிர்சாதம் போடுவார்கள், அந்த அன்பில் குறையில்லை. ஆனால் பூனை இறைச்சி தின்றே வாழும் பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும், இல்லாவிட்டால் கண்பார்வையும் இதயமும் கெடும். பூனைத் தீனி வாங்கிப் போடச் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். சம்மதித்து ஒழுங்காக வளர்க்கிற சைவ வீடுகள் எனக்குத் தெரியும்.

கறுப்புக் குட்டிக்கு ஆள் கிடைக்க நாளாகும், சகுனம் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு லாபம்தான்: கறுப்பை விரும்பி வருகிறவர் சீக்கிரம் மனம் மாறுவதில்லை. அதே நேரம், கறுப்புதான் வேண்டும், அமாவாசைக்குள் வேண்டும் என்று அவசரப்படுகிற ஆளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

முடிந்தால் இரண்டு குட்டிகளாகக் கொடுங்கள், ஒன்றையொன்று கடித்து விளையாடித் திரைச்சீலையை விட்டுவைக்கும். ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை, வளர்க்க முடியாவிட்டால் வேறு யாருக்கும் தராமல் எனக்கே திருப்பித் தருவது. கோர்ட்டுக்குப் போவதற்காக இல்லை. கையெழுத்துப் போடும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான். குட்டியை நீங்களே கொண்டுபோய் விடுங்கள், அப்போதுதான் வீட்டைப் பார்க்க முடியும்.

தோட்டத்துச் சாளைக்குப் போகும் பூனை

மடியில் உட்காராத, மனிதரைக் கண்டால் ஓடும் வளர்ந்த பூனைகளுக்கு வீடு கிடைக்காது. பழைய இடத்தில் விடவும் முடியாத நிலை வரும்: தறிக்குடோனை இடிக்கிறார்கள், கம்பெனி கைமாறுகிறது. அப்போது தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடுதான் கதி. மாட்டுத்தீவன மூட்டை, கொப்பரைக் களம், மஞ்சள் குடோன் என்று எலிக்குப் பஞ்சமில்லாத இடங்களில் பூனையை வரவேற்பார்கள். அறுவை சிகிச்சையும் தடுப்பூசியும் முடித்தே கொடுங்கள்.

என் நிபந்தனை இரண்டு. எலி மருந்து வைக்கக் கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்று பூனையும் சாகும். எலியைப் பிடித்தாலும் தினமும் ஒருவேளை சோறு வைக்க வேண்டும். பட்டினி போட்டால் நன்றாக எலி பிடிக்கும் என்பது தப்புக் கணக்கு, பட்டினி கிடக்கும் பூனை வேறு ஊரைப் பார்த்துப் போய்விடும். கொண்டுபோனதும் அவிழ்த்துவிடாதீர்கள். பெரிய கூண்டிலோ சாமான் அறையிலோ மூன்று வாரம் அடைத்து, ஒரே நேரத்தில் ஒரே குரலில் அழைத்துச் சோறு வைத்து, பிறகு ஒரு சாயங்காலம் பசியோடு கதவைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டாம் நாளே திறந்துவிட்ட ஒருவரின் பூனை ஏழு கிலோமீட்டர் நடந்து பழைய தறிக்குடோன் திண்ணைக்கு வந்து உட்கார்ந்திருந்தது, நடுவில் ஒரு நாலுவழிச்சாலை வேறு.

கொடுத்த பிறகு

குட்டி படுத்த பனியன் துணியில் ஒரு துண்டைக் கூடவே அனுப்புங்கள். முதல் மூன்று நாள் கட்டிலுக்கடியில்தான் இருக்கும், இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் என்று போன் செய்யுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "ராத்திரி எங்கே தூங்குகிறது?" என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும். கூடவே தடுப்பூசித் தேதியை ஞாபகப்படுத்துங்கள், ஆறாம் மாதம் அறுவைக்கு நீங்களே நேரம் வாங்கிக் கொடுங்கள்.

திருப்பிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டினால் அடுத்தவர் சொல்லாமல் மீன் கடை வாசலில் விட்டுவிட்டுப் போவார்.

கூண்டையும் டிரேயையும் சோப்புப் போட்டுக் கழுவி, வெளுப்புத் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் நனையவிட்டு, நன்றாக அலசி மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். காய்வதற்குள் யாராவது போன் செய்வார்கள்.